திருப்பதிக்குப் போன இரட்டைக் கோட்டு மீன்

திருப்பதிக்கு மீன் பார்க்கப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "எத்தன நாள் விரதம்?" என்று அன்பாகக் கேட்டார். "விரதமெல்லாம் இல்லங்க, மீன் விஷயமாப் போறேன்" என்றேன். அதோடு சரி, அவர் முறுக்குப் பொட்டலம் என் பக்கம் திரும்பவே இல்லை.

தூத்துக்குடியில் ஒரு மீன் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். கரைக்கு வருகிற மீனைப் பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, அலமாரியில் வைக்க வேண்டும். துடுப்பு, செவுள், பல், செதில் நான்கையும் பார்த்துவிட்டால் எந்த மீனும் என்னிடம் தப்பாது. என் பெருமையை நானே சொல்வது அழகில்லைதான். வேறு யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த அலமாரியில் பாதி மீன் செல்வராணி கொண்டுவந்து கொடுத்தது. அப்போது அவள் மீன் இறங்குதளத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். விநோதமாக எது வலையில் விழுந்தாலும் பனையோலைப் பெட்டிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். "யக்கா, இது யாரு பெத்த பிள்ளைன்னு பாருங்க" என்பாள். பிறகு மகளுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, அவளும் கூடவே கிளம்பி, திருப்பதி ஊருக்குள் ஒரு மீன் மார்க்கெட்டில் சின்னதாகக் கடை போட்டாள். எட்டு வருஷம் ஆகிறது.

போன வாரம் போன் செய்தாள். ஹலோ கூடச் சொல்லவில்லை. "யக்கா, ஞாயித்துக்கெழம காலைலக்குள்ள கடையக் காலி பண்ணணும்னு சொல்லிட்டாவ. அழுகுன மீனுக்கு மருந்து போட்டு வித்தேனாம். நீங்க வந்து பாத்துச் சொன்னாத்தான் உண்டு" என்றாள். கூடவே அந்த மீனின் போட்டோ ஒன்று அனுப்பினாள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்தவுடன் பையில் இரண்டு சேலையும் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்து வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தூத்துக்குடியில் மீன் மார்க்கெட் என்றால் கத்தல், ஏச்சு, காக்கா, எல்லாம் உண்டு. இங்கே பாதிக் கடைகளில் கட்லாவும் ரோகுவும்தான், எல்லாம் ஏரி மீன். கடல் மீன் விற்பது இரண்டு மூன்று கடை. அதில் செல்வராணியின் கடை மட்டும் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. ஆள் வரத்து இல்லை. பக்கத்துக் கடைக்காரர் அவளைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் முனிரத்தினம் என்பவர் மகளுக்கு நிச்சயம் செய்து, மறுநாள் சம்பந்தி வீட்டாருக்கு மீன் விருந்து வைத்தார். தமிழ் பேசுகிற கடை என்று நம்பி, செல்வராணியிடம்தான் மூன்று பெரிய மீன் வாங்கிப் போனார். குழம்பு கொதித்ததும் வீடு முழுக்க மூத்திர வாடை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு இலையை மூடி எழுந்துவிட்டார். முனிரத்தினம் நேரே மார்க்கெட் சங்கத் தலைவரிடம் வந்து குதித்தார். தலைவரும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: புகார் கொடுத்தவரே ஞாயிறு காலைக்குள் வந்து வாபஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கடை இல்லை.

"மிச்சம் ரெண்டு மீனு ப்ரீசர்ல இருக்குக்கா" என்று எடுத்து மேஜையில் வைத்தாள் செல்வராணி.

எனக்கு வயதே பத்துக் குறைந்துவிட்டது. முதுகில் நீலமும் பச்சையும் கலந்த மினுக்கம், வயிறு வெள்ளி. உருண்டை உடம்பு. முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். வஞ்சரத்துக்குப் பல் கத்தி மாதிரித் தட்டையாக இருக்கும், இதற்கு மெலிசாக ஊசி ஊசியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கோடு. பெரும்பாலான மீனுக்குச் செவுளிலிருந்து வால் வரை பக்கத்துக்கு ஒரு கோடுதான் ஓடும். தண்ணீரின் அசைவை மீன் அதை வைத்துத்தான் உணர்கிறது. இந்த மீனுக்கு இரண்டு. மேல்கோட்டிலிருந்து முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒரு கிளை பிரிந்து, நெஞ்சுத் துடுப்புக்குப் பின்னால் இறங்கி, வயிற்றோரமாக நெளிந்து நெளிந்து போய், வால் பக்கத்தில் மறுபடி மேல்கோட்டோடு சேர்ந்துகொள்கிறது.

வஞ்சரத்துக்கும் கானாங்கெளுத்திக்கும் சொந்தக்கார மீன் இது. ஆனால் அவற்றைப் போலத் திறந்த கடலில் ஊர் சுற்றாது. பவளப்பாறைதான் இதற்கு வீடு. பாறைத் திட்டின் விளிம்பில் கூட்டமாகச் சுற்றும், பாறைக்கு உள்ளே தேங்கிய ஆழமில்லாத நீருக்கும் வந்து போகும், சின்ன மீனையும் இறால் குஞ்சையும் பிடித்துத் தின்னும். எங்கள் கரையில் இது இறங்கி நான் பார்த்ததில்லை. அந்தமானுக்கு வேலையாகப் போனபோது ஒரே ஒரு தடவை கையில் எடுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்துக் கடலில் தடைக்காலம் முடிந்து மீன் சரியாக வராத நாட்களில், சென்னைக்கு வந்த அந்தமான் சரக்கில் ஐந்து மீன் செல்வராணிக்குக் கிடைத்திருக்கிறது.

செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு. கண் குழியவில்லை. பனி இளகின இடத்தில் சதையை அழுத்தினேன், குழி விழாமல் எழும்பியது. "மீன் நல்ல மீன்ளா. அழுகவும் இல்ல, மருந்தும் இல்ல" என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சரி, இத என்ன பேரு சொல்லி வித்த?" என்று கேட்டேன்.

அவள் ஐஸ் பெட்டியைத் தேவையில்லாமல் மூடித் திறந்தாள். "வஞ்சரம்னு."

"ஏளா, ஒனக்குக் கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. தெரிஞ்சுதான் சொன்னேன். இங்க வஞ்சரம்னாத்தான் நின்னு பாப்பாவ. பேரு தெரியாத மீனுன்னா திரும்பிக்கூடப் பாக்காமப் போயிருவாவ. பெருசா இருக்க எல்லாமே இங்க வஞ்சரந்தான்க்கா. நான் மட்டுமா சொல்லுதேன்?"

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. ஒரு மீனுக்குப் பெயர் தெரியாமல் இரண்டு நாள் தூங்காமல் என்னோடு கூட உட்கார்ந்திருந்தவள் இவள். இப்போது தெரிந்தே பெயரை மாற்றியிருக்கிறாள். அந்த மாற்றிய பெயர்தான் அவளைக் கவிழ்த்தும் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

இந்த ஊரில் வஞ்சரம் வாங்குகிறவர்களுக்குத் துண்டு முழு வட்டமாக வேண்டும். வயிற்றைக் கீறினால் வட்டம் உடைந்துவிடும் என்று, குடலைச் செவுள் வழியாகவே கொக்கி போட்டு இழுத்துவிட்டு, அப்படியே குறுக்கே அறுத்துக் கொடுப்பார்கள். வஞ்சரத்துக்கு அது போதும். இந்த மீனுக்கு முதுகெலும்புக்கு அடியில் சிறுநீரகம் கறுஞ்சிவப்பாக நீளவாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றைத் திறந்து அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால் சூடு பட்டதும் அமோனியா வாடை கிளம்பும். ஏன் இந்த மீனுக்கு மட்டும் இத்தனை வாடை என்று எனக்கும் தெரியாது. அந்தமான் படகுக்காரர் ஒருவர் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டே, "இத விட்டீங்கன்னா புருஷன் வீட்ட விட்டு ஓடிருவான்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"வஞ்சரம்னு சொன்ன, வஞ்சரம் மாதிரி வெட்டிக் குடுத்த, அதான் நாறிச்சு" என்றேன்.

செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, அழுகலன்னு மட்டும் சொல்லுங்க. பேரச் சொல்லிராதீங்க. பேர மாத்தி வித்தான்னு தெரிஞ்சா அதுக்கும் சேத்து அடிச்சு விரட்டிருவாவ. எட்டு வருசம் நின்ன எடம்."

"பேரு சொல்லுறதுதான்ளா என் பொழப்பு" என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். நானாகப் பெயரைச் சொல்ல மாட்டேன். யாராவது கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தள்ளுவண்டியில் காரம் தோசை சாப்பிட்டோம். சிவப்பு மிளகாய் விழுதை உள்ளே பூசி, மேலே பொட்டுக்கடலைப் பொடி தூவித் தருகிறார்கள். முதல் வாயில் கண்ணில் நீர் வந்தது, மூன்றாவது வாயில் இன்னொரு தோசைக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் காரம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதெல்லாம் சும்மா. பிறகு பஸ் பிடித்து நகரிக்குப் போனோம்.

முனிரத்தினம் வீட்டின் முன்பாதியில் ஆறு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேசிப் பழகினவர், வெளியே வந்த பிறகும் சத்தம் போட்டுத்தான் பேசினார். செல்வராணியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஆனால் வெயிலில் வந்த பெண்கள் என்று மோர் கொடுக்கச் சொன்னார். அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

"இன்னாம்மா சொல்றது? காலைலேந்து பாத்துப் பாத்து ரெடி பண்ணிக்கினு இருந்தோம். சம்பந்தியம்மா ஒரு வாய் துன்னாங்க. அப்பிடியே எலைய மூடிக்கினு எழுந்துட்டாங்க. எங்க நைனா காலத்துலேந்து எங்க ஊட்ல யாரும் பாதிச் சோத்துல எழுந்தது இல்ல" என்றார்.

நான் மீனின் முதுகெலும்பு, சிறுநீரகம், வாடை எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். பெயரை மட்டும் விட்டுவிட்டேன். விளக்கும்போது எனக்கே நாக்கு உறுத்தியது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது கரெக்ட்டாவே இருக்கட்டும். நான் நம்பி இன்னா ஆவப் போவுது? எங்க சம்பந்தியம்மா நம்பணும். சித்தூர்ல மாங்கா பேக்டரில வர்ற லோடு எல்லாம் அந்தம்மா மோந்து பாத்துத்தான் உள்ள போவும். அவங்க மூக்கு சொல்லிச்சுன்னா தீர்ப்பு. அவங்க சரின்னாங்கன்னா நானே வந்து கம்ப்ளெயின்ட்ட ரிட்டன் வாங்கிக்கிறேன்" என்றார்.

"நாளைக்கே போறோம்" என்றேன்.

அவர் சிரித்தார். "நாளிக்கி சனிக்கெழம. அவங்க ஊட்ல சனிக்கெழம முட்ட கூட உடையாது."

இந்தப் பக்கத்தில் சனிக்கிழமை பெருமாளுக்கான நாள். எங்கள் தெருவில் சனிக்கிழமை மீன் வாங்காத வீடு கிடையாது, அதனால் இந்த யோசனையே எனக்கு வரவில்லை. செல்வராணிக்குத் தெரியும், ஆனால் அவளுக்கு வேறு நாள் இல்லை. முனிரத்தினம் சம்பந்தி வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை ஒரு மீனைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து, பார்சல் டேப் சுற்றி, சித்தூர் போகிற ரயிலில் ஏறினோம்.

ரயில் பெட்டி முழுக்க மொட்டைத் தலைகள். மலையிலிருந்து இறங்கி ஊர் திரும்புகிற கூட்டம், தலையெல்லாம் சந்தனம், கையெல்லாம் லட்டுப் பை. நடுவில் நாங்கள் இரண்டு பேரும் மீனும். எதிரில் ஒரு அம்மாள் மொட்டை போட்ட புருஷனோடும், நிறை தலையோடு இருந்த மருமகளோடும் உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் காட்டி, உள்ளே என்ன என்று தெலுங்கில் கேட்டார்.

"பூலு" என்றாள் செல்வராணி, கண் இமைக்காமல். பூவாம்.

இவளுக்குப் பொய்ப் பெயர் வைப்பது கைவந்த கலையாகிவிட்டது என்று பல்லைக் கடித்தேன். அந்த அம்மாளுக்கோ சந்தோஷம். ஐஸில் வைத்த பூ வாடாது, என் மருமகளுக்கு ஒரு முழம் கொடேன் என்று கேட்டார். ஆர்டர் பூ, பிரிக்கக் கூடாது என்றாள் செல்வராணி. ஒரே ஒரு முழம்தானே, காசு தருகிறேன் என்றார் அவர். மருமகள் தலையைத் திருப்பிக் காட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். அந்த நேரம் பார்த்து, பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் ஒழுகி, மொட்டைத் தலைப் பெரியவரின் லட்டுப் பையை நோக்கி மெதுவாக ஓட ஆரம்பித்தது. பெரியவர் மூக்கை உறிஞ்சினார். ஒரு தடவை, இரண்டு தடவை.

"இது என்ன பூ?" என்று கேட்டார்.

ரயில் பாகாலா ஜங்ஷனில் நின்றது. எங்களுக்குப் பெருமாளே சிக்னல் போட்ட மாதிரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டோம். மூச்சு வாங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் ரயில் போய்விட்டது.

"நல்லா இருக்கியா? பூக்காரி!" என்றேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் டேப்பைப் பிரித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பெட்டியின் அடி விரிசல் விட்டு ஐஸ் பாதி கரைந்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. இதுவரை மீன் கெடவில்லை என்பதுதான் எங்கள் ஒரே சாட்சி. அது இந்தப் பிளாட்பாரத்தில் கெட்டுப்போனால் முனிரத்தினம் சொன்னதே உண்மை ஆகிவிடும்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கரும்புச் சாறு கடை. ஐஸ் கேட்டேன். எதற்கு என்றார் கடைக்காரர். செல்வராணி வாயைத் திறப்பதற்குள், "மீனுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சனிக்கிழமை அம்மா என்று தெலுங்கில் முனகினார். ஆனாலும் ஒரு கட்டியை உடைத்து, இரும்பு இடுக்கியில் பிடித்து, கையை முடிந்த மட்டும் நீட்டி, பெட்டியில் படாமல் மேலேயிருந்து போட்டார். காசு வாங்க மாட்டேன் என்றார். மீன் காசு இன்றைக்கு வேண்டாமாம். அடியில் பாலிதீன் விரித்து, துண்டால் சுற்றிக் கட்டி, சித்தூர் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தோம். என்ன பெட்டி என்று கண்டக்டர் கேட்டார். செல்வராணி என்னைப் பார்த்துவிட்டு, "மீன்" என்றாள். கடைசிப் படிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

சித்தூர் எல்லையில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் தோத்தாபுரி மாங்காய், கிளிமூக்கு எங்கள் ஊர்ப் பெயர். கூழ் பேக்டரிக்குள் போகக் காத்துக்கிடக்கிற வரிசை. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். காற்றே இனித்தது. கடைத்தெருவில் இரண்டு புதுச் சட்டியும் மசாலாப் பொடியும் புளியும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, சம்பந்தியம்மா வீட்டைக் கண்டுபிடித்தோம்.

சரோஜம்மா என்பது அவர் பெயர், காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். நல்ல உயரம், கையெல்லாம் மாம்பால் பட்ட கறுப்புத் தழும்பு. வாசலில் நின்றபடியே எங்களையும் பெட்டியையும் பார்த்தார். முனிரத்தினம் போன் செய்திருக்கிறார்.

"நீதானா அந்த மீன் வித்தது?" என்றார் செல்வராணியிடம். "அன்னிக்கி நான் துப்பிட்டு எழுந்திருக்கக் கூடாதுதான். பொண்ணு ஊட்டுக்காரங்க முகம் செத்துப் போச்சு. ஆனா இன்னா பண்றது, முடியல. இன்னிக்கிப் போயி மறுபடி எடுத்துக்கினு வந்திருக்கியே, இன்னிக்கி சனிக்கெழமன்னு தெரியாதா?"

"தெரியும்மா. நாளைக்குக் காலைல எனக்குக் கடை இருக்காது. அதான் வந்தேன்" என்றாள் செல்வராணி. வேறு எதையும் சேர்க்கவில்லை.

"சமையல்கட்டுக்குள்ள வரக் கூடாது. எங்க ஏனத்தத் தொடக் கூடாது. பின்னால வேப்பமரத்துக்கிட்ட மூணு கல்லு கீது, அங்க பண்ணுங்க. நான் வாயில வைக்க மாட்டேன். சனிக்கெழம வாய்க்குத்தான், மூக்குக்கு இல்ல" என்றார் சரோஜம்மா.

அந்த இடத்திலேயே எனக்கு அந்தப் பெண்மணியைப் பிடித்துவிட்டது.

மீனை நடுவில் வெட்டினேன். ஒரு பாதியை இந்த ஊர் வழக்கப்படி வட்டத் துண்டுகளாக அறுத்தாள் செல்வராணி. மறுபாதியின் வயிற்றை நான் கீறி, முதுகெலும்போடு ஒட்டியிருந்த கறுஞ்சிவப்பை ஸ்பூன் காம்பால் சுரண்டி, மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஒரே மசாலா, ஒரே புளி, இரண்டு சட்டி. சரோஜம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "எது எதுன்னு சொல்லாதீங்க. கொதிச்சதும் ஒண்ணு ஒண்ணா எடுத்தாங்க. லோடு பாக்கும்போது யார் தோட்டத்துக் காய்னு நான் கேக்கவே மாட்டேன்" என்றார்.

முதல் சட்டியை அவர் தோளுக்குப் பின்னால் நீட்டினேன். முழுசாக மூச்சு இழுக்கக்கூட இல்லை. "ச்சீ! அன்னிக்கி அடிச்ச அதே நாத்தம்."

இரண்டாவது சட்டியை நீட்டினாள் செல்வராணி. குழம்பு விளிம்பில் தளும்பி அவள் விரலில் பட்டும் அவள் சட்டியை விடவில்லை. சரோஜம்மா இழுத்தார். மறுபடி இழுத்தார். தலையைத் திருப்பாமலே சட்டிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார்.

"மீன் வாசன. வேற ஒண்ணும் இல்ல. நல்லாக்கீது" என்றார். திரும்பி உட்கார்ந்து இரண்டு சட்டியையும் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரே மீன், ஒரு பாதி சுரண்டினது, மறுபாதி சுரண்டாதது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு ஜெயித்துவிட்ட குஷி. பையைக் கூட எடுத்துவிட்டேன்.

"ஒண்ணு மட்டும் பிரியல" என்றார் சரோஜம்மா. "எங்க ஊட்ல எத்தினியோ வாட்டி வஞ்சரம் செஞ்சிருக்கோம். ஒரு வாட்டி கூட சொரண்டினது இல்ல. ஒரு வாட்டி கூட நாறினது இல்ல. இது எப்பிடி?"

கேள்வி என்னைப் பார்த்து வந்தது. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் வாயைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. எட்டு வருஷம் நின்ன எடம் என்று அவள் அழுதது காதில் கேட்டது. பெயர் சொல்லியே பிழைத்த எனக்கு, ஒரு பெயரைச் சொல்லப் பயமாக இருந்தது அன்றைக்குத்தான்.

"இது வஞ்சரம் இல்லம்மா" என்றாள் செல்வராணி.

விரல் சிவந்து கொப்பளித்திருந்தது. அதைச் சேலையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அந்தமான் பாறைல கெடக்க மீனு. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வஞ்சரம்னு சொன்னாத்தான் வாங்குவாவன்னு பேர மாத்திட்டேன். அதனாலதான் வஞ்சரம் மாதிரி வெட்டிக் குடுத்தேன். தப்பு என்னுதுதான். யாராவது கேட்டிருந்தா இந்த அக்கா சொல்லிருப்பாவ, நான்தான் வாயக் கட்டிட்டேன்."

சரோஜம்மா எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. விரலை நீட்டச் சொல்லி, தானே தடவினார்.

"சில பேரு தோத்தாபுரிய அடியில போட்டுட்டு மேல பங்கனபள்ளிய அடுக்கி, பங்கனபள்ளி லோடுன்னு அனுப்புவான். மோந்த ஒடனே திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். "ஆனா தோத்தாபுரி மேல எனக்குக் கோவம் வந்ததே இல்ல."

முனிரத்தினத்துக்குப் போன் செய்வாரா என்று நான் கேட்டதற்கு, "இன்னிக்கி மீன் பேச்சு போதும்" என்று கதவைச் சாத்திவிட்டார். சுரண்டாத சட்டியைச் சித்தூரிலேயே கொட்டிவிட்டு, நல்ல சட்டியைத் திருப்பதிக்குக் கொண்டுவந்து, அவள் வீட்டில் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். மீன் ருசியாகவே இருந்தது. கெட்டியான வெள்ளைச் சதை, வஞ்சரத்தை விடக் கொஞ்சம் மென்மை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. செல்வராணி கடைசி மீனை எடுத்து நடு மேஜையில் வைத்தாள். மகளின் பழைய சிலேட்டில் தமிழில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி எழுதி மீனுக்கு முன்னால் நிறுத்தி வைத்தாள். 'இது வஞ்சரம் இல்லை.' அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். அவர் கடையிலும் இரண்டு பொய் வஞ்சரம் கிடந்ததை நான் முன்னமே பார்த்துவிட்டேன், அதனால் எனக்கு அவர் சிரிப்பு உறைக்கவில்லை.

ஒன்பது மணிக்குச் சங்கத் தலைவர் வந்தார். கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை. "யாராவது வந்தாங்களா?" என்றேன். வரவில்லை என்று கையை விரித்தார். செல்வராணி தராசைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். கத்தியை ஒரு துணியில் சுற்றினாள். அவள் சிலேட்டை எடுக்கக் குனிந்தபோது, அவள் தலைக்கு மேலே ஒரு கை நீண்டு மேஜையில் கிடந்த மீனின் செவுளைத் தூக்கியது. கையில் மாம்பால் தழும்பு.

சரோஜம்மா முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். பின்னால் முனிரத்தினம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டி வந்தார். அந்த அம்மாள் மீனை மூக்கருகே வைத்து மோந்தார். பிறகு தலைவரிடம் மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரித் தெலுங்கில் பேசினார். மீன் நல்ல மீன், பெயர்தான் கெட்ட பெயர், அதை இந்தப் பெண்ணே என் வீட்டுக் கொல்லையில் வந்து சொல்லிவிட்டாள், சொன்னவளை விரட்டினால் சொல்லாதவன்தான் மார்க்கெட்டில் மிஞ்சுவான் என்றார். பக்கத்துக் கடைக்காரர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். முனிரத்தினம் தலைவரை ஓரமாக அழைத்துப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஆவணியில கல்யாணம். மறுநாள் விருந்துக்கு இதே மீன்தான் வேணும்" என்றார் சரோஜம்மா செல்வராணியிடம். "சொரண்டிட்டுக் குடு. பந்தியில எலைக்கு எல பேரச் சொல்லித்தான் போடுவோம். இதுக்குப் பேரு இன்னா?"

செல்வராணி என்னைத்தான் பார்த்தாள். லத்தீனில் எனக்குத் தெரியும், தமிழில் இதற்குப் பெயர் இருப்பதாக நான் கேட்டதில்லை. எங்கள் கரையில் இறங்காத மீனுக்கு எங்கள் ஆட்கள் எதற்குப் பெயர் வைக்கப் போகிறார்கள்? முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, "தெரியல" என்றேன்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர் எட்டிப் பார்த்து, வஞ்சரம் இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். "லேது" என்றாள் செல்வராணி. அவர் நகர்ந்தார். அவள் கூப்பிடவில்லை. நாலு அடி போனவர் திரும்பி வந்து, அப்படியானால் இது என்ன என்று கேட்டார்.

செல்வராணி மீனைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினாள். கொப்பளம் போட்ட விரலால் மேல்கோட்டைத் தொட்டு வால் வரை காட்டினாள், பிறகு கீழ்க்கோட்டை நெளிவு நெளிவாகக் காட்டினாள்.

"ரெட்டக்கோடன்" என்றாள்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.